காதுக்குள் நாடி அடிக்கும் சத்தம்: தலைக்கு ஆஞ்சியோ எதற்கு?

வாசகியின் கடிதம்:

"டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 51. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு ஊர். ஏழெட்டு மாதமாக வலது காதுக்குள் 'உஸ்... உஸ்...' என்று நாடி அடிப்பது மாதிரியே ஒரு சத்தம். பகலில் வேலை ஓட்டத்தில் தெரியாது, ராத்திரி படுத்தால் தூங்க விடாது. மாடி ஏறினால் சத்தமும் வேகமாகிறது. காது டாக்டர் அழுக்கு எடுத்தார், கேட்கும் திறன் நார்மல் என்றார், தலைசுற்றலுக்குக் கொடுக்கிற மாத்திரை கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில், மாதவிலக்கு நிற்கிற வயசு, மனசுதான் காரணம் என்கிறார்கள். காதுக்குப் பின்னால் விரலால் அழுத்தினால் சத்தம் குறைகிறது. போன மாதம் மதுரையில் ஒரு டாக்டர் அதே இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கும் கேட்கிறது அம்மா என்றார். எம்ஆர்ஐ எடுத்ததில் 'டூரல் ஏவி ஃபிஸ்டுலா' என்று எழுதியிருக்கிறது. தலைக்கு ஆஞ்சியோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் தொடை வழியாகவே அடைத்துவிடலாம் என்கிறார்கள். ஆஞ்சியோ நெஞ்சுக்குத்தானே எடுப்பார்கள்? தை மாதம் மகள் கல்யாணம், அது முடிந்த பிறகு பார்க்கலாமா? மருந்திலேயே சரியாகாதா? என் பிள்ளைகளுக்கும் இது வருமா?"

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் நீங்கள் அதிகம் கவலைப்படுகிற கேள்விக்கு வருகிறேன். ஆஞ்சியோவைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சிகிச்சை கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்பதை அந்த ஆஞ்சியோ படத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம், பின்பு என்றே முடிவாகவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் படத்தையே பார்க்காமல் தை வரைக்கும் தள்ளிப்போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதயத்திலிருந்து வரும் ரத்தம் தமனிகளில் அழுத்தத்தோடு ஓடுகிறது. தமனி கிளைகிளையாகப் பிரிந்து, முடியைவிட மெல்லிய தந்துகிகளாகி, அங்கே வேகமும் அழுத்தமும் தணிந்து, அப்புறம்தான் ரத்தம் சிரைக்குள் நுழைகிறது. சிரையின் சுவர் மெல்லியது, அது குறைந்த அழுத்தத்துக்காகவே ஆனது. நடுவில் இருக்கும் அந்தத் தந்துகிகளைத் தாண்டிக் குதித்து தமனி நேரடியாகச் சிரைக்குள் திறந்துகொண்டால் அதுதான் ஏவி ஃபிஸ்டுலா. உங்கள் ஊரில் டயாலிசிஸ் எடுப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களின் முன்கையில் ஊசி குத்தும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், கைக்குள் ஏதோ அதிர்வது போலிருக்கும். அதுவும் ஃபிஸ்டுலாதான். 1966 முதல் உலகம் முழுக்க டாக்டர்கள் அதை வேண்டுமென்றே அறுவை சிகிச்சை செய்து உண்டாக்குகிறார்கள், சிரை தடித்து ரத்த ஓட்டம் பெருகினால்தான் டயாலிசிஸ் மெஷினுக்குப் போதிய ரத்தம் கிடைக்கும் என்பதால். அங்கே விரல் உணரும் அதே அதிர்வுதான் உங்களுக்குக் காதில் சத்தமாகக் கேட்கிறது. கையில் இருந்தால் உபகாரம். தலைக்குள் இருந்தால் அதை விசாரிக்காமல் விட முடியாது.

உங்களுக்கு அது மூளைக்குள் இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூளையைப் போர்த்தியிருக்கிற தடித்த உறைக்கு டூரா என்று பெயர். அந்த உறையின் மடிப்புகளுக்குள்ளேதான் மூளையிலிருந்து ரத்தம் வடிந்து இறங்கும் பெரிய சிரைக்கால்வாய்கள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ், சிக்மாய்ட் சைனஸ் என்று எழுதியிருப்பார்கள், மூக்கடைப்பு சைனஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தக் கால்வாய் சரியாகக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை ஒட்டி இறங்குகிறது. அதன் சுவரில் இந்த இணைப்பு உருவானால் உள்காதுக்கு அது பக்கத்து வீடு, அதனால்தான் கேட்கிறது. காதுக்குப் பின்னால் அழுத்தினால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல தடயம். அந்த இடத்தில் பின்தலைக்குப் போகும் ஒரு தமனி தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதை அழுத்தியதும் சத்தம் குறைகிறது என்றால் ஃபிஸ்டுலாவுக்குப் போகும் ரத்தத்தில் ஒரு பங்கு அது வழியாகத்தான் போகிறது என்று ஊகிக்கலாம். இதை உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் நீங்களாகக் கழுத்தை அழுத்திப் பார்க்காதீர்கள், கழுத்தின் பெரிய தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் அழுத்துவது ஆபத்து.

மனசுதான் காரணம் என்று சொன்ன வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஸ்டெதாஸ்கோப்பில் இன்னொருவருக்கும் கேட்கிற சத்தம் மனப்பிரமை ஆகாது. ஐம்பதை ஒட்டிய பெண் ஒருவர் தூக்கமில்லை, காதில் சத்தம் என்று சொன்னால் அதை மெனோபாஸ் கணக்கில் எழுதிவிட்டு நகர்வது நம் வீடுகளில் மட்டுமில்லை, கிளினிக்குகளிலும் நடக்கிறது, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மதுரையில் அந்த டாக்டர் செய்த காரியத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாடியோடு சேர்ந்து கேட்கும் சத்தம் என்று யார் சொன்னாலும் காதைச் சுற்றி ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் பதற வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காதில் 'ங்ங்...' என்று ஒரே சீராக ரீங்காரம் கேட்பது வேறு, அது பெரும்பாலும் கேட்கும் நரம்பு சம்பந்தப்பட்டது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கவனியுங்கள், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'உஸ்' என்று ஒத்துப்போனால்தான் இந்தப் பேச்சே. அப்படி ஒத்துப்போகிறவர்களில்கூட எல்லோருக்கும் ஃபிஸ்டுலா இருக்காது. ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கழுத்துத் தமனி சுருங்கியிருப்பது, நடுக்காதில் ரத்தக்குழாய்க் கட்டி, உடல் எடை கூடிய இளம்பெண்களுக்குத் தலைக்குள் நீரழுத்தம் கூடுவது என்று பல காரணங்கள் உண்டு. டாக்டர் கழுத்தில் லேசாக விரல் வைத்தாலே சத்தம் நின்றுபோனால் அது பெரும்பாலும் சிரையில் ஓடும் ரத்தத்தின் இரைச்சல். ஆனால் ஒரு பக்கக் காதில் மட்டும், நாடியோடு ஒத்து, வாரக்கணக்கில் நிற்காமல் கேட்டால் காதைச் சுத்தம் செய்வதோடு விட்டுவிடாமல் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன் கேளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆபத்து எவ்வளவு என்பதுதான் கேள்வி. இதில் நோயாளிகள் எல்லோரும் நினைப்பது, சத்தம் பெரிதாக இருந்தால் ஆபத்து, சிறிதாக இருந்தால் பரவாயில்லை என்று. அப்படி இல்லை. தமனியிலிருந்து குதித்த ரத்தம் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது, அது ஒன்றுதான் கணக்கு. பெரிய கால்வாயிலேயே விழுந்து, வழக்கம்போல் கீழ்நோக்கிக் கழுத்துச் சிரைக்கு இறங்கிவிட்டால் மூளைக்கு அதனால் பாரமில்லை. காது இரைச்சல் மட்டும் இருக்கும், எத்தனை உரக்கக் கேட்டாலும் அது சாது. இந்த வகைக்காரர்களுக்குச் சிகிச்சையே செய்யாமல் கண்காணித்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருந்திருக்கிறார்கள், சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் பின்னாளில் ஆபத்தான வகையாக மாறியது.

கால்வாயில் இடமில்லாமல், அல்லது கால்வாய் அடைபட்டு, ரத்தம் மூளையின் மேற்பரப்பில் இருக்கும் சின்னச் சிரைகளுக்குள் பின்னோக்கித் தள்ளப்பட்டால் கதை வேறு. மடை உடைந்து ஆற்று வெள்ளம் வயலின் வடிகாலுக்குள் எதிர்த்திசையில் ஏறுவது மாதிரி. வயலில் இருக்கும் தண்ணீரும் வடிய முடியாது, வருகிற தண்ணீரையும் வரப்பு தாங்காது. மூளையில் நடப்பதும் அதுவே. ஒரு பகுதி ரத்தம் வடியாமல் தேங்கி வீங்குகிறது, அதனால் வலிப்பு வரலாம், பேச்சுத் தடுமாறலாம். வயதானவர்களுக்கு ஞாபகமறதியும் நடைத் தளர்ச்சியும் வந்து டிமென்ஷியா என்று முத்திரை குத்தப்பட்டு, பிறகு ஃபிஸ்டுலாவை அடைத்ததும் தெளிந்து பழையபடி பேசியவர்கள் உண்டு. இல்லையென்றால் மெல்லிய சிரை வெடித்து மூளையில் ரத்தக்கசிவு. கனடாவின் டொராண்டோ குழு 2002ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பின்னோட்டம் இருந்தும் முழுமையாகச் சரிசெய்யப்படாதவர்களில் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவோ நரம்பு பாதிப்போ வந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் 2008ல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஆய்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ரத்தம் கசிந்து வந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம், கசிவில்லாமல் வந்தவர்களுக்கு ஆண்டுக்கு ரத்தக்கசிவு ஆபத்து 1.5 சதவீதம் அளவில்தான் இருந்தது. நீங்கள் சத்தத்தோடு மட்டும் வந்திருக்கிறீர்கள். ஆகவே மிக மோசமான வகையாகவே இருந்தாலும் இன்று ராத்திரி ஏதோ ஆகிவிடும் என்று உறக்கம் கெட வேண்டியதில்லை, அதே சமயம் ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டவும் கூடாது.

இந்தப் பின்னோட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை எம்ஆர்ஐ நிச்சயமாகச் சொல்லாது. எம்ஆர்ஐ உறைந்த படம் மாதிரி, குழாய் இருப்பது தெரியும், ரத்தம் எந்தப் பக்கம் எப்போது போகிறது என்பது சரியாகத் தெரியாது. சின்ன ஃபிஸ்டுலா அதில் தப்பியும்விடும். அதற்குத்தான் ஆஞ்சியோ. நெஞ்சுக்கு எடுப்பது இதயத்தின் குழாய்களைப் பார்க்க, தலைக்கு எடுப்பது தலையின் குழாய்களைப் பார்க்க, முறை ஒன்றுதான். தொடையிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழலை உள்ளே செலுத்தி, கழுத்து வழியாகத் தலைக்குப் போகும் தமனிகள் ஒவ்வொன்றிலும் சாயமருந்து செலுத்தி, நொடிக்குப் பல படங்களாக எடுப்பார்கள். மருந்து போகும்போது முகமெல்லாம் சூடாக இருக்கும், சில நொடிதான். தொடை வழி என்றால் அதற்குப் பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. குழல் போகும் வழியில் சிறு ரத்தக்கட்டி பெயர்ந்து பக்கவாதம் வரலாம், ஆனால் நிரந்தர பாதிப்பு என்பது அனுபவமுள்ள இடங்களில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, சிறுநீரகத்தில் கோளாறு உண்டா, முன்பு சாயமருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆஞ்சியோ முடிந்ததும் ரிப்போர்ட்டில் காக்னார்ட் என்றோ போர்டன் என்றோ ஒரு வகைப்பாடு இருக்கும், இரண்டுமே 1995ல் வந்தவை. காக்னார்ட் 1 அல்லது 2ஏ, போர்டன் 1 என்றால் மூளைச் சிரைகளுக்குப் பின்னோட்டம் இல்லை என்று அர்த்தம். நிம்மதியாகக் கல்யாணத்தை நடத்துங்கள், சத்தம் தாங்கவே முடியவில்லை என்றால் பிறகு சிகிச்சை பற்றிப் பேசலாம், தாங்கிக்கொள்ளலாம் என்றால் இடையிடையே ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். காக்னார்ட் 2பி முதல் மேலே எதுவாக இருந்தாலும், போர்டன் 2 அல்லது 3 என்றாலும், தை மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். இப்போது ஐப்பசிதானே, சிகிச்சை செய்துகொண்டு தேறிப் பந்தியில் நின்று பரிமாறுகிற அளவுக்கு நேரம் இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் பெரும்பாலோர் சில நாளில் வீடு திரும்பிவிடுவார்கள்.

மருந்தில் சரியாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது அம்மா. திறந்திருக்கும் குழாயை மூட எந்த மாத்திரையும் இல்லை, லேகியமும் இல்லை. காதில் சத்தம் என்றதும் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டின், கிங்கோ மாத்திரைகள் இதில் வேலை செய்யாது. யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினும் ஆரம்பிக்காதீர்கள். சாதுவான வகை சில பேருக்குத் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒருநாள் காலையில் எழுந்ததும் சத்தம் சுத்தமாக நின்றிருக்கலாம். சாமி கும்பிட்டது பலித்தது என்று எல்லோரும் சந்தோஷப்படுவீர்கள். உண்மையிலேயே ஃபிஸ்டுலா மூடியிருக்கலாம். ஆனால் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்த கால்வாய் அடைபட்டு, காதுக்குப் பக்கத்தில் ஓடாமல் மூளைப் பக்கம் திரும்பிவிட்டதாலும் சத்தம் நிற்கும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சத்தம் திடீரென்று நின்றாலும், அதன் தன்மை மாறினாலும், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வாழ்நாளில் வராத அளவுக்குத் திடீர்த் தலைவலி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது, ஒரு கண் சிவந்து பிதுங்குவது, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் வலுவிழப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

அடைப்பது எப்படி என்றால், ஆஞ்சியோ போலவேதான், ஆனால் மயக்கமருந்து கொடுத்து. மிக மெல்லிய குழலை ஃபிஸ்டுலாவுக்கு ஊட்டம் கொடுக்கும் தமனிக்குள் கொண்டுபோய், உள்ளே போய்க் கெட்டியாகிற ஒரு திரவத்தை மெதுவாகச் செலுத்துவோம். அது தமனியின் முனையைத் தாண்டிச் சிரையின் தொடக்கம் வரை போய் உட்கார வேண்டும். தமனியை மட்டும் அடைத்தால் பக்கத்துத் தமனி ஊட்டம் கொடுக்க ஆரம்பித்துவிடும், இதனால்தான் அரைகுறை சிகிச்சை பலன் தராது. சில சமயம் சிரை வழியாக ஏறி பிளாட்டினச் சுருள்களை வைத்து அடைப்பதும் உண்டு. எட்ட முடியாத இடம் என்றால் அறுவை சிகிச்சை, அதுவும் முடியாவிட்டால் காமா கத்தி என்ற பெயரில் குறிபார்த்துச் செலுத்தும் கதிர்வீச்சு. கதிர்வீச்சு பலிக்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும் என்பதால் உடனே சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு அது சரிவராது. உங்கள் இடத்தில் இருக்கும் ஃபிஸ்டுலாவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முகத்தை அசைக்கும் நரம்புக்கும் கண்ணுக்கும் போகும் சின்னக் கிளைகள் அந்தத் தமனியில் இருக்கின்றனவா, திரவம் அவற்றுக்குள் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? இதைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார், படத்தைக் காட்டி விளக்குவார். சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உங்கள் மூச்சிலும் வியர்வையிலும் பூண்டு வாசம் வரலாம், அந்தத் திரவத்தைக் கரைக்கப் பயன்படும் பொருளின் வாசம் அது, பயப்பட வேண்டாம். நேரம் நீண்ட சிகிச்சை என்றால் எக்ஸ்ரேயால் தலையில் ஒரு திட்டு முடி கொட்டி மறுபடி முளைக்கலாம், கல்யாண வீட்டில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

செலவு, எத்தனை குப்பி திரவம், எத்தனை சுருள் போகிறது என்பதைப் பொறுத்து ரொம்பவே மாறும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைக்கு முன்பே, ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடு போய், இந்தச் சிகிச்சைக்கு அங்கே எவ்வளவு அனுமதி, மீதி உங்கள் கையிலிருந்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சையை வழக்கமாகச் செய்கிற டாக்டரும், ஏதாவது ஆனால் கைகொடுக்க நரம்பியல் அறுவை சிகிச்சைக் குழுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதென்றாலும் தயங்க வேண்டாம், அச்சிட்ட ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாமல் ஆஞ்சியோவின் சிடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், ஓடும் படத்தைப் பார்க்காமல் யாராலும் கருத்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு வருமா என்றால், இந்த வகை பொதுவாகப் பரம்பரையில் வருவதில்லை. பிறவியிலேயே மூளைக்குள் இருக்கும் ஏவிஎம் என்ற ரத்தக்குழாய்ப் பின்னல் வேறு, இது பெரும்பாலும் நடுவயதில் உண்டாவது. தலையில் அடி, தலையிலோ காதிலோ அறுவை சிகிச்சை, அந்தச் சிரைக்கால்வாயில் எப்போதோ ரத்தம் உறைந்தது போன்றவை பின்னணியில் இருக்கலாம், பல பேருக்குக் காரணமே தெரியாது. பிரசவத்தையொட்டிக் கடும் தலைவலியோடு படுத்திருந்தீர்களா, முன்பு ஹார்மோன் மாத்திரைகள் எடுத்திருக்கிறீர்களா, காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுவது நம்மூரில் சகஜம். மகளின் கல்யாணத்துக்காக நீங்கள் அப்படி எதுவும் இப்போது எடுக்க வேண்டாம், ஹார்மோன் மாத்திரைகள் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியவை, உங்கள் தலையில் உள்ள கால்வாய் அடைபடாமல் திறந்திருப்பதுதான் இப்போது நமக்கு வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவதும், உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் மட்டும் அதைத் தனியாகச் சொல்லுங்கள், பரம்பரையாக ரத்தக்குழாய் இணைப்புகள் உண்டாகும் நோய் ஒன்று அப்படித்தான் காட்டிக்கொடுக்கும், அதற்குச் சோதனைகள் வேறு.

ஆஞ்சியோ எடுத்ததும் வகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.